ஒரே பக்கச் சாய்வு

உங்கள் மேசையின் ஒரு கால் குட்டை. தாளை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அதைவிட்டு நகரவில்லை. எனக்கு அப்படியொரு குணம். அளவுகோல் என்றுதான் அக்கா என்னைக் கூப்பிடுவாள்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முழங்கால் மூட்டை மாற்றும்போது எலும்பின் நுனியைத் தட்டையாக அறுத்துவிட்டு, அங்கே உலோக மூட்டைப் பொருத்துவார்கள். அறுப்பவர் டாக்டர். ரம்பம் எந்தச் சாய்வில் போக வேண்டும் என்று சொல்வது வெட்டுச் சட்டம். தீப்பெட்டி அளவு எஃகுக் கட்டி, நடுவில் ஒரு பிளவு. அதை எலும்பில் சின்ன ஆணிகளால் நிறுத்தி, பிளவுக்குள் ரம்பத்தை விட்டு அறுக்க வேண்டும். பிளவு தளர்ந்தால் ரம்பம் ஆடும். ரம்பம் ஆடினால் வெட்டு சாயும். பிறகு கால் சாயும். இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிப் பட்டறையில் அந்தச் சட்டங்களை வடிவமைப்பது என் வேலை. அறுவை முடிந்து கழுவி வருபவற்றை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புவதும் நான்தான். ரம்பம் துளியும் ஆடாதபடி பிளவை இறுக்கி, புதிதாக ஒரு சட்டம் செய்தேன். சோறு தண்ணீர் மறந்து செய்தேன். பெரிய டாக்டர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து மேசையில் வைத்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா பழசுல என்னம்மா குறை?"

"பழசுல ரம்பம் ஆடுது டாக்டர்."

"எனக்கும் வயசாகி எல்லாம் ஆடுதுன்னு என் பொண்டாட்டி சொல்றா. மாத்திட்டாளா என்ன?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவானது. ஒவ்வொரு நோயாளிக்கும் சீட்டுக் குலுக்குவார்கள். பழையது வந்தால் பழையது, புதியது வந்தால் புதியது. பிறகு எக்ஸ்ரே எடுத்து எந்தக் கால் நேராக இருக்கிறது என்று பார்ப்பார்கள். தோற்ற சட்டம் குப்பைக்குப் போகும்.

முதலில் வந்த படங்களில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. பழைய சட்டங்கள் அப்போது நன்றாகத்தான் இருந்தன. அவை தேயச் சில வருடங்கள் ஆகும். எப்படியும் தேயத்தான் போகின்றன. அந்த வருடங்களை நான் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிளவின் உள்விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாணைக்கல்லால் தேய்த்தேன். கண்ணால் பார்த்தால் தெரியாது. அளந்தால் தெரியும். அளப்பவள் நான்.

நோயாளிகளை நினைத்துப் பார்த்தாயா என்கிறீர்கள். அவர்களைத் தவிர வேறு யாரை நினைத்தேன்? சிலருக்குக் கால் கோணியது. இனிமேல் நேராக நடக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் நினைத்துப் பார்த்தீர்களா?

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அம்மா அப்பா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள். மாடியில் தையல் கடை வைத்திருந்தாள். மிதித்து மிதித்து வலது முழங்கால் போய்விட்டது. நான் வேலை செய்யும் இடம் என்பதால்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து படுத்தாள்.

"உன் சாமான வச்சுத்தானடி வெட்டுவாங்க?"

"சீட்டுல எது வருதோ அதுதான்க்கா."

"எது வந்தா நல்லது?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

பழையது வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார்கள். வடிவமைத்தவளின் அக்காவுக்கு மட்டும் நல்ல சட்டம் என்றால் அந்த ஒப்பீட்டுக்கு என்ன மரியாதை? நான் ஓரவஞ்சனை பார்ப்பவள் இல்லை. அவளுக்குப் போக வேண்டிய சட்டத்தை அளந்தேன். சரி என்று சொல்லி அனுப்பினேன்.

கட்டுப் பிரித்தபின் வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய் அளவுகோல், நேரா நடக்கிறேனா பாரு. ஒரு பக்கமா இழுக்குதுடி."

"பழகப் பழகச் சரியாயிடும்க்கா."

மாடிக்கு அவள் இன்னும் ஏறவில்லை. மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

பெரிய டாக்டர் கண்டுபிடித்த விதம் உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரேக்களை வரிசையாக மாட்டிப் பார்த்திருக்கிறார். பழைய சட்டங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அன்றைக்கு அவர் வேடிக்கை பேசவில்லை.

"எல்லாருக்கும் ஒரே பக்கம், ஒரே சாய்வு. தானா தேஞ்சா ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி தேயும். இது அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. இவ்வளவு சுத்தமா செய்ய இங்க ஒரே ஒரு ஆளுதான் உண்டு."

அந்த மனிதர் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அவர் சொன்னது உண்மை. ஏனோதானோவென்று தேய்த்திருந்தால் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். அப்படிச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

நான்தான் செய்தேன். எல்லாச் சட்டங்களையும், அக்காவுக்குப் போனதையும் சேர்த்து. வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். வருத்தப்படுகிறேன் என்று மட்டும் அதில் எழுத வேண்டாம்.

தேய்க்காத பழைய சட்டத்தையும் என் சட்டத்தையும் வேறொரு பட்டறையில் செயற்கை எலும்பில் வைத்து அறுத்துப் பார்த்தார்களாம். இரண்டு வெட்டும் ஒரே மாதிரி நேராக இருந்தனவாம். அந்த அறிக்கையை நீங்கள்தான் என்னிடம் காட்டினீர்கள். அவர்கள் இந்த மாதிரி ஆடுகிற மேசையில் வைத்து அளந்திருப்பார்கள்.

அக்காவுக்குத் திரும்பவும் அறுக்க வேண்டுமாம். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வலியில் யாரும் அப்படித்தான் பேசுவார்கள். பெரிய டாக்டரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை சீட்டுக் குலுக்க வேண்டாம், என் சட்டத்தை வைத்தே அறுக்கட்டும். அவள் நேராக நடந்து மாடியேறிய அன்றைக்கு, இவ்வளவையும் யாருக்காகச் செய்தேன் என்று அவளுக்கே புரியும்.