இன்று திருத்தம் எதுவும் இல்லை

எனக்கு மாலை நாலரை மணிக்குக் காப்பியும் பேப்பரும் ஒன்றாக வந்துவிட வேண்டும். காப்பி முந்தினால் ஆறிவிடும். பேப்பர் முந்தினால் காப்பியையே மறந்துவிடுவேன். இந்தச் சின்ன விஷயத்தை, முப்பத்தாறு வருஷமாக என்னோடு இருக்கும் என் மனைவி தங்கத்தாய், நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து பிசகாமல் செய்துவந்தாள். அவள்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் விஜய்பாண்டி.

என் பெயர் வல்லிநாயகம். வயது அறுபத்துமூன்று. மேலகரம். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் என் உள்ளங்கைக்குத் தெரியும். ஓய்வு பெற்ற மறுநாள் சோதிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் 'சாரல் முரசு' வந்து விழுந்தது.

'சாரல் முரசு' எங்கள் பக்கத்து மாலைப் பேப்பர். எட்டுப் பக்கம். அருவியில் தண்ணீர் எப்படி, கடையத்தில் நடவு எப்படி, எந்த ஊரில் கோயில் கொடை என்று எல்லாம் வரும். அப்போது ஆசிரியராக இருந்த இசக்கியப்பன் தங்கமான மனிதர். வாரத்துக்கு நான்கு தவறு நிச்சயம். ஒருமுறை ஐந்தருவியில் ஆறு கிளையாகத் தண்ணீர் கொட்டுவதாகப் போட்டார். இன்னொரு முறை உயிரோடு இருந்த ரைஸ்மில்காரருக்கு இரங்கல் செய்தி போட்டார். மில்காரரே போன் செய்து, "ஏலே, நான் இப்பதாம்லே புரோட்டா தின்னுட்டு வாரேன்" என்று சொல்லும்படி ஆயிற்று.

நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஊடகம் என்றால் பொறுப்பு வேண்டும் இல்லையா. ஒரு வருஷம் விடாமல் எழுதிய பிறகு, இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி பிறந்தது. 'வருந்துகிறோம்' என்று தலைப்பு. அதில் வந்த ஒவ்வொரு திருத்தத்தையும் வெட்டி நோட்டில் ஒட்டினேன். பேரப்பிள்ளைகளின் போட்டோகூட என்னிடம் அத்தனை இல்லை.

மரணச் செய்திக்கு ஒரு விதிமுறையும் வரைந்து கொடுத்தேன். உடலைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது போலீசோ டாக்டரோ உறுதி செய்திருக்க வேண்டும். அதுவரை யாரையும் இறந்தவர் என்று எழுதக் கூடாது. அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இந்த விதி என்னுடையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் என் கழுத்தைப் பிடித்ததும் இதுதான்.

இரண்டேகால் வருஷத்துக்கு முன்னால் இசக்கியப்பன் வேலையை விட்டுப் போனார், வேல்விழி ஆசிரியராக வந்தாள். முப்பத்துநாலு வயசு. எதையும் இரண்டு பேரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பமாட்டாள். முதல் வருஷம் ஏழு திருத்தம் வந்தது. அப்புறம் பதினான்கு மாதம் ஒன்றுகூட இல்லை. அவள் பெட்டியையாவது எடுத்துத் தொலைத்திருக்கலாம். எடுக்கவில்லை. தினமும் அந்தப் பெட்டிக்குள் ஒரே வரி: 'இன்று திருத்தம் எதுவும் இல்லை.'

நாலரை மணிக்கு அந்த வரியைப் படித்துவிட்டுக் காப்பி குடித்துப் பாருங்கள். இறங்காது.

ஒரு பத்திரிகை தவறே விடுவதில்லை என்றால் என்ன அர்த்தம்? கண்காணிக்கிறவன் தூங்குகிறான் என்று அர்த்தம். அந்தப் பழி என்மேல் விழுவதை நான் விரும்பவில்லை. ஆகவே கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். ரேஷன் கடை ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று செய்தி வந்த மறுநாள், பூட்டின் துவாரத்தில் மெழுகை உருக்கி ஊற்றினேன். கடை திறக்கப் பத்தே முக்கால் ஆனது. பேப்பரோடு அவள் ஆபீசுக்கு ஓடினேன். வேல்விழி சிரித்த முகமாக அந்த ரேஷன் கடைச் செய்தியைத் தொட்டுக் காட்டினாள்.

"திறக்கும் என அறிவிக்கப்பட்டுள்ளதுன்னுதானே அண்ணாச்சி போட்டிருக்கோம். அறிவிச்சது நெசந்தானே."

நெசம்தான். அன்றைக்குத்தான், இவளைச் சாதாரணச் செய்தியில் பிடிக்க முடியாது என்று முடிவுக்கு வந்தேன். பெரிய செய்தி வேண்டும். யாராவது சாக வேண்டும். அடுத்தவர் யாரையும் தொந்தரவு செய்வது என் வழக்கமில்லை என்பதால், நானே சாவது என்று தீர்மானித்தேன்.

ஐப்பசி மழையில் ஐந்தருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டிருந்த நாள் அது. அருவிக்குக் கீழே ஓடைக்கரைப் பாறையில் என் செருப்பு, துண்டு, பழைய கண்ணாடி, ஆதார் அட்டை இருந்த பர்ஸ், பாதி காலியான நல்லெண்ணெய்ப் பாட்டில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். எண்ணெய்ப் பாட்டில் முக்கியம். எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போனான் என்றால் இந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பிறகு மீசையை எடுத்துவிட்டு, குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, மூட்டுவலிக்கு எண்ணெய் சிகிச்சைக்கு வந்தவன் என்று சொல்லி, கிதிர் முகம்மதுவின் லாட்ஜில் அறை எடுத்தேன். சீசன் இல்லாததால் அவர் அட்டை எதுவும் கேட்கவில்லை. ஆள் வந்ததே அவருக்குச் சந்தோஷம்.

செருப்பைக் கண்டெடுத்தது பஜ்ஜிக்கடைப் பொன்செல்வி. மதியத்துக்குள் மூன்று யூடியூப் சேனல்கள் என்னைக் கொன்றுவிட்டன. ஒரு சேனல் சோகப் பாட்டும் போட்டது. அதெல்லாம் கணக்கில் சேராது. நாலரை மணிக்கு 'சாரல் முரசு' வாங்கினேன். நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

'மேலகரத்தைச் சேர்ந்த முதியவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது.'

கூறப்படுகிறது. அதில் எங்கே போய்த் தவறு கண்டுபிடிப்பது?

மூன்று நாள் அப்படியே போனது. கூறப்படுகிறது, அஞ்சப்படுகிறது, தேடப்படுகிறது. எனக்கு எரிச்சல். 'உண்மைவிளம்பி, குற்றாலம்' என்று புனைபெயர் போட்டு, 'ஒரு மனிதரின் மரணத்தை உறுதிப்படுத்தத் துணிவில்லாத பத்திரிகையா?' என்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. விடாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள், தீயணைப்பு வீரர்கள் தேடிக்கொண்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே நின்று என் பல் செட்டைத் தண்ணீரில் விட்டேன். அது சரியாக அவர்கள் வலைக்கே போய்ச் சேர்ந்தது. மறுநாள் செய்தி: 'பல் செட் கண்டெடுப்பு. அது வல்லிநாயகத்துடையதா என விசாரணை.'

அன்றிலிருந்து எனக்குத் தயிர்சாதம்தான். கிதிர் முகம்மது, "என்ன அண்ணாச்சி, மூட்டுவலின்னு வந்தீய, பல்லுல்லா போயிருக்கு" என்று கேட்டார். சிகிச்சை கடுமை என்றேன்.

அந்தத் தேடலில் சொரிமுத்து என்ற தீயணைப்பு வீரர் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். 'இடது கால்' என்று வேல்விழி போட்டிருந்தாள். இதையாவது பார்ப்போம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் எட்டிப் பார்த்தேன். இடது கால்தான். சொரிமுத்து என்னைப் பார்த்து, யாரோ உறவுக்காரர் என்று நினைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பாவம், நல்ல மனுஷன்.

எட்டாம் நாள் வேறொரு செய்தி. 'மனைவி தங்கத்தாய் தினமும் மாலை நாலரை மணிக்கு ஒரு பிளாஸ்க்கில் காப்பியுடன் ஐந்தருவிப் படிக்கட்டின் வலது ஓரத்தில் வந்து நிற்கிறார்.'

இது எனக்கு மனதைத் தொட்டது. நேரம், பாத்திரம், இடம் என்று ஒரே வாக்கியத்தில் மூன்று தகவல். எங்கேயாவது ஒன்று பிசகித்தானே ஆக வேண்டும்? மறுநாள் நாலே காலுக்கே போய்விட்டேன். அவள் வந்தாள். பத்தடி தூரத்தில், குல்லாயை இறக்கிவிட்டுக்கொண்டு, பேப்பரை விரித்துப் பிடித்தபடி நின்றேன். நாலரை மணி. பிளாஸ்க். வலது ஓரம். கூடவே அவள் தம்பி பிச்சைமணி நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"எக்கா, ஊரே போயிட்டாருன்னு சொல்லுது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் சொல்லணும். தாலியக் கழத்தணும்லா."

"அந்தப் பிள்ள பேப்பர்ல செத்துட்டாவன்னு போட்டிருக்காளாடே?"

"இல்ல. கூறப்படுகிறதுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப சாகல. ஒரு தகவலும் உறுதி ஆகாம நம்பப்பிடாதுன்னு அவியதான் என்ட்ட சொல்லிச் சொல்லிக் காதப் புண்ணாக்குவாவ. அந்தப் பிள்ள போடட்டும். போட்டாக் கழத்துதேன்."

சொல்லிவிட்டு, பேப்பரோடு நின்ற என் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி பிளாஸ்க்கைத் திறந்தாள். காப்பி மணம் என் வரைக்கும் வந்தது. நான் நோட்டில் 'மூன்றும் சரி' என்று எழுதிக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினேன்.

நீங்கள் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அன்றைக்கே அவள் தோளைத் தொட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தொட்டிருக்கலாம். ஆனால் பேப்பர் ஜெயித்திருக்கும்.

பதினாறாம் நாள் வேல்விழி என்னைப் பற்றி அரைப்பக்கம் எழுதினாள். 'எங்களைத் திருத்திய வாசகர்.' மரணம் என்ற வார்த்தையே இல்லை. படிக்கப் படிக்க நன்றாகத்தான் இருந்தது. நான்காவது பத்தியில் நின்றுவிட்டேன். 'ஐந்து ஆண்டுகளில் அவர் எங்களுக்கு எழுதிய கடிதங்கள் 412.'

என் நோட்டில் 421.

கடைசி இரண்டு எண்ணும் இடம் மாறிவிட்டன. பதினான்கு மாதக் காத்திருப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது என்றால் நம்புவீர்களா? குல்லாயைக்கூட மாட்டவில்லை. லாட்ஜ் செருப்போடு ஆட்டோ பிடித்துத் தென்காசி ஆபீசுக்குப் போய், வேல்விழியின் மேஜையில் பேப்பரை விரித்து அந்த எண்ணின்மேல் விரலை வைத்தேன். பல் இல்லாததால் பேச்சு கொஞ்சம் காற்றாகப் போயிற்று. ஆனாலும் புரிந்திருக்கும்.

"நானூத்து இருபத்தொண்ணும்மா. பெட்டில போடு."

அவள் எழுந்து நின்றாள். என் முகத்தை, மீசை இருந்த இடத்தை, வாயைப் பார்த்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தாள்.

"வல்லிநாயகம்ங்கிற பேர்ல வந்தது நானூத்துப் பன்னெண்டுதான் அண்ணாச்சி. நாங்க ரெண்டு பேரா உக்காந்து ரெண்டு தடவை எண்ணுனோம். அது போக உண்மைவிளம்பின்னு ஒருத்தர் ஒம்பது எழுதியிருக்காரு. எல்லாம் வெள்ளம் வந்ததுக்கு அப்புறம்." ஒன்பதையும் என் முன்னால் பரப்பினாள். "இந்த ஒம்பதும் நீங்க எழுதுனதா?"

முப்பது வருஷம் முத்திரை குத்திய கை. எண்ணிக்கையில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஆமாம் என்றேன்.

"அப்ப நாங்க போட்டது சரிதான் அண்ணாச்சி" என்றாள். பிறகுதான் உங்களுக்கு போன் செய்தாள்.

ஸ்டேஷனில் நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் வாக்குமூலம் முழுசாக இருக்க வேண்டும். மறுநாள் அடையாளம் காட்டத் தங்கத்தாயைக் கூப்பிட்டீர்கள். கையில் பிளாஸ்க்கோடு வந்தாள். வேல்விழி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்: "ஆச்சி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்க வீட்டுக்காரரா?"

தங்கத்தாய் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மேஜைமேல் பொட்டலத்தில் இருந்த பல் செட்டைப் பார்த்தாள். ஒன்பது கடிதங்களையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்த நொடி எது என்று எனக்குத் தெரியும். பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினாளே, அதுதான்.

"சாடை இருக்கு. உறுதியாச் சொல்லத் தெரியல" என்றாள். "எங்க வீட்டுக்காரவுகன்னா பத்தடி தூரத்துல நின்னா என்னய அடையாளம் தெரியும்."

போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலை வந்த செய்தியின் தலைப்பு: 'வல்லிநாயகம் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் நபர் போலீசில் ஒப்படைப்பு.' ஏழு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை.

நீங்கள் நல்ல மனிதர், இன்ஸ்பெக்டர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள்: "ஆச்சி அடையாளம் சொல்லமாட்டேங்காவ. நீரு வல்லிநாயகம் இல்லேன்னா எனக்கு ஒரு கேசு மிச்சம். இப்படியே எந்திரிச்சுப் போயிரும். வல்லிநாயகந்தான்னா, தீயணைப்புக்காரங்களை அலையவிட்டது, அந்தப் பையன் காலு, எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். எதுன்னு நீரே சொல்லும்."

ஒரு டம்ளர் டீ முடியும்வரை யோசித்தேன். வெளியே போகிறவன் பெயர் இல்லாத ஆள். அவன் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. வருந்துகிறோம் பெட்டியைப் பிறப்பித்தவன் அவனில்லை. அப்படி ஒருவனாக மேலகரத்தில் நடமாட என்னால் முடியாது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ரேஷன் கடைப் பூட்டில் மெழுகு ஊற்றியது நான். பாறையில் செருப்பு வைத்தது நான். பல் செட்டை விட்டது நான். சொரிமுத்துவின் காலை முறித்தது பாறை, அவரை அங்கே வரவழைத்தது நான். பத்தடி தூரத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். கடிதங்கள் நானூற்று இருபத்தொன்று. எல்லாம் என் கையெழுத்து.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். வருத்தம் தெரிவித்து நாலு வரி சேர்த்துக்கொள்ளலாமா, ஆச்சி இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறாள், படித்துக் காட்டலாம் என்று. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். தவறு செய்தவர்கள்தானே வருத்தம் தெரிவிக்க வேண்டும்.