முதலாளியின் மதிய ரொட்டி

மெல்பேர்னில், கிளென் வேவர்லி ரயிலில் எனக்கு முன் இருக்கையில், தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாண நண்பரோடு ஒருகாலத்தில் கூலிக்குத் திராட்சை பிடுங்கியபோது பழகிய தமிழாம்.

“சொந்தத் தோட்டம் வாங்கின பிறகு நான் காருக்குள்ள இருந்துதான் சாப்பிடுறன்.”

“ஏன், ஷெட்டுக்குள்ள இடமில்லையோ?”

“ஒருநாள் ரொட்டியைக் கொண்டுபோய் வேலைசெய்யிற ஆக்களோட இருந்தனான். அவங்கட கதை, சிரிப்பு எல்லாம் நிண்டுபோச்சு. பாதிச் சாப்பாட்டில எல்லாரும் எழும்பி வேலைக்குப் போயிட்டாங்கள்.”

“எங்கட பழைய முதலாளியும் காருக்குள்ளதானே சாப்பிட்டவர்.”

“ஓம். பெருமை பிடிச்ச மனுசன் எண்டு நாங்கள் சிரிச்சனாங்கள்.”

கடைசி ஸ்டேஷனில் எழும்போது பஞ்சாபிக்காரர் கேட்டார்:

“ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வாறியா? வேலைக்கில்லை, மத்தியானம் சாப்பிட.”