மினாமிஹோரா ஸ்டேஷன் மாஸ்டர்

— துபாய் சோனாப்பூர் கேம்ப்ல கட்டில்ல படுத்துக்கிட்டு, ஜப்பான்ல ரயிலுக்குக் கொடி காட்டுறேண்டு பெத்த மகள்ட்ட சொல்லி வச்சிருக்கீங்க. அதுவும் ஆறு வருசமா! யேசுராஜ் அண்ணாச்சி, ஒங்களை நான் என்னண்டு சொல்ல?

— லேய் லுக்மான், மெதுவா பேசு. நான் காட்டுனது பச்சைக் கொடிதான். ஒரு வண்டியையும் நிறுத்தல.

— இப்ப என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க.

— டெல்பின் அந்த ஸ்டேஷனுக்கு ரயில்ல வந்துக்கிட்டு இருக்கா. அங்க அஞ்சே முக்காலுக்கு எறங்குவா. இங்க பன்னிரண்டே முக்கால். இன்னும் பத்து நிமிசம்.

— ஒங்க மக ஜப்பானுக்கு எப்பப் போனா?

— மூணு மாசமாச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸ். “ஒரே நாட்டுல இருந்துக்கிட்டு அப்பனப் போய்ப் பாக்காத நீயெல்லாம் ஒரு மவளா”ன்னு எனக்க வீட்டுக்காரி ஊர்ல இருந்து ஏசியிருக்கா.

— எதுக்கு அண்ணாச்சி இந்தப் பொய்?

— ஏஜெண்டு ஜப்பான்னுதான் பிளேன் ஏத்திவிட்டான். சாமியாரு கோயில் மைக்குல அறிவிச்சாரு. நன்றிப் பூசை வச்சோம். துபாய்ல எறங்கி, மொதல்ல எதிர்ப்பட்டவனுக்கு ஜப்பான் வழக்கப்படி இடுப்பு வளைச்சு வணக்கம் வச்சேன். அவன் கொல்லத்துக்காரன். சொன்ன பூசையைத் திருப்பி வாங்க முடியுமா? அதுக்குள்ள எங்க வீட்டுக்கு “ஜப்பான் வீடு”ன்னு பேராயிட்டு.

— அந்த ஸ்டேஷனை எங்க புடிச்சீங்க?

— நெட்டுலதான். மினாமிஹோரா.

— இருங்க, பாக்குறேன்... கடலோரம், மரக் கட்டடம். சாளை மீன் ஏத்த 1931-ல தொறந்திருக்காங்க. உலகச் சண்டை சமயத்துல ஸ்டேஷன் மணியக் கழட்டி உருக்கக் கொண்டு போயிட்டாங்க. மீன் போச்சு, ஊர் சனமும் போச்சு. எண்பத்து நாலுலேர்ந்து... அண்ணாச்சி! இது ஆளில்லா ஸ்டேஷன்!

— ஆளில்லன்னுதான எடுத்தேன்? ஆள் இருந்தா எனக்கு அங்க எப்படி வேலை கிடைக்கும்?

— யா அல்லாஹ்.

— ஞாயித்துக்கெழமை தோறும் ஸ்டேஷன் கதை கேட்டு மெசேஜ் போடுவா. நெட்டுல உள்ளது ஒரு மாசத்துல தீந்துட்டு. மிச்சம் நானே ஓட்டுனேன். ஜப்பான்ல சுனாமி வந்த அன்னைக்குக் கடலு வெயிட்டிங் ரூம் வரைக்கும் வந்திச்சு. டிக்கெட் கேட்டேன். இல்ல. திருப்பி அனுப்பிட்டேன்.

— அதையும் நம்புனாளா?

— சின்னதுல நம்ம ஊர்ல சுனாமியக் கண்ணால பாத்த பிள்ள லேய். கடலத் திருப்பி அனுப்ப ஒரு ஆளு உண்டுன்னா, அவளுக்கு அது அப்பன்தான்.

— இன்னைக்கு லீவுண்டு சொல்லிருங்க.

— லீவே தரமாட்டாவன்னு சொல்லித்தான ஆறு வருசமா ஊருக்குப் போகாம இருக்கேன்?

— அப்ப உண்மையச் சொல்லுங்க. வேற வழி இல்ல.

— மூணு நாளா “நான் அங்க இல்ல மக்கா”ன்னு டைப் பண்ணுதேன், அழிக்கேன். வெரலு அனுப்பமாட்டேங்குது. மணி என்ன?

— பன்னிரண்டு அம்பது.

— எறங்கியிருப்பா. ஒத்தைப் பொம்பளப் பிள்ள, மேடையில சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நிப்பா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல லுக்மான்.

— வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு.

— நீ போடு. நான் கண்ண மூடிக்கிடுதேன்.

— “அப்பா, நான் மினாமிஹோரா வந்தேன். ஒங்களப் பாத்தேன். கொடியோட நின்னிய. ரொம்ப மெலிஞ்சு போயிட்டிய. டூட்டி நேரத்துல பேசினா ஒங்கள ஏசுவாவன்னு நான் எறங்கல, அதே வண்டியில போயிட்டேன். அம்மா கேட்டா ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டோம்னு சொல்லுங்க, என்னப்பா?”

— என்னையப் பாத்தாளா? மாதாவே! எவனோ ஒரு புண்ணியவான் எனக்காவக் கொடி புடிச்சு நின்னிருக்கான் லேய்! தப்பிச்சேன்!

— சிரிக்காதீங்க அண்ணாச்சி. இன்னொரு தரம் போடுறேன். அவ பேச்சுக்குப் பின்னாடி என்ன கேக்குதுண்டு பாருங்க.

— பாங்கு சத்தம். நம்ம கேம்ப் பள்ளிவாசல்லதான சொல்லுதாவ?

— நம்ம பள்ளியில சொல்லி அரைமணி ஆச்சு. இது மெசேஜுக்குள்ள கேக்குது. சவுதிப் பக்கம் இப்பத்தான் மத்தியான லுஹர் பாங்கு.