வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழி

ஹலோ... ஹலோ டேவிட்சா, சண்முகப்ரியாதான் பேசுதேன்... ஆமா, லாரி சத்தம். ஹார்பர் கேட் முன்னால பஸ்ஸுக்கு நிக்கேன். சொல்லு, எந்தக் கம்ப்யூட்டர் மொழில எழுதப் போறன்னு முடிவு பண்ணிட்டியா?

...

ரஸ்ட்டா? போன வாரம் கோ-ன்னு சொன்னே. அதுக்கு முந்தின வாரம் ஜிக்-னு சொன்னே... சரி, சரி. பொண்ணு பாக்கப் போறவன்கூட இத்தன வீடு ஏறி எறங்க மாட்டான்லே.

...

இல்ல, சிரிக்கல... சரி, கொஞ்சம் சிரிச்சேன். பாஸ்வேர்ட எல்லாம் பூட்டி வைக்கதுக்கு நீ பைத்தான்ல எழுதுன புரோகிராம்தானே? கறுப்புத் திரையில கமாண்டு அடிச்சாத் தொறக்கும், அம்புட்டுதான். அதத் திருப்பி எழுத மூணு மாசமா மொழியத் தேடுதே. இதுவரைக்கும் எத்தன வரி எழுதிருக்கே?

...

பதினொண்ணு. அதுல வெறும் குறிப்பா எழுதுன கமென்ட் எத்தன?

...

ஆமா... ஆமா, தெரியும். ரஸ்ட்ல பாஸ்வேர்ட மெமரிலேர்ந்து உடனே தொடச்சிரலாம். கோ-ல அது எப்ப அழியும்னு நம்ம கையில இல்ல. ஒத்துக்கிடுதேன். ஆனா நடுக்கடல்ல, உன் மச்சான் மரியான் அண்ணன் கேபின்ல, அவிய லேப்டாப் மெமரிய நோண்டப் போறது யாருலே? கப்பல் சமையல்காரரா?

...

இரு, இரு, கோவப்படாத. கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் மச்சான் என்னைக்குக் கப்பலேறுதாவ? ... வெள்ளிக்கிழம. இன்னைக்கு என்ன? ... செவ்வாய். தப்பு தப்புன்னு ரஸ்ட் கம்பைலர்ட்ட ஏச்சு வாங்காம ஒரு ஃபைலத் தொறந்திருக்கியா நீ? ... ம். கோ-ல? ... ஆபீஸ்ல தினமும் அதத்தானே எழுதுதே. ரெண்டுலயும் கடைசில ஒரே ஒரு ஃபைல்தான் வரும். பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாப் போதும், கடல்ல போயி எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம். பெறவு என்ன?

...

லாரி போகுது, சத்தமாச் சொல்லு.

...

ம்... ம்... தெரியும்லே. போன தடவ லேப்டாப்ல பைத்தான் அப்டேட் ஆகி, உன் புரோகிராம் ஓடாமப் போச்சு. புள்ள பொறந்த போட்டோ வந்தும், அண்ணனால மெயிலுக்குள்ள போக முடியல. புள்ள அழுத சத்தத்த மட்டும் போன்ல கேட்டாவ. மொகத்த நாப்பது நாள் கழிச்சு, கொழும்புல எறங்கித்தான் பாத்தாவ. உங்க அக்கா ஆக்னஸ் என்கிட்டயும் சொன்னாவ.

...

இல்ல, நான் சொல்லுதக் கேளு. டேவிட்சா, நீ மொழி தேடல. நாம எழுதுனது மறுபடி அவியள மாட்டி விட்டுருமோன்னு பயந்துக்கிட்டு, எழுதாம இருக்க வழி தேடுதே.

...

அவிய கோவமா இருக்காவன்னு யாரு சொன்னா? ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்கு வந்தேன்ல, நீ மாடிய விட்டு எறங்கல. நான்தான் கேட்டேன், அண்ணே, கடையில விக்கது ஒண்ணு வாங்கிப் போட்டுத் தரட்டான்னு. வேண்டாம்னுட்டாவ. அது தொறக்கலியே தவிர, ஒரு பாஸ்வேர்டுகூடத் தொலையலம்மா, டேவிட்சன் எழுதுததத்தான் கொண்டுபோவேன்னாவ.

...

என்னலே, அழுதியா? ... சரி, ஜலதோஷம். நம்பிட்டேன்.

...

கோ-வா? ... நல்லது. பழைய பாஸ்வேர்டு ஃபைல அப்படியே தொறக்கணும், அத மட்டும் மாத்திராத. வியாழக்கிழம சாயங்காலம் நெட்ட அமத்திட்டு, அவிய லேப்டாப்லயே ஓட்டிப் பாப்போம். நானும் வாரேன்.

...

புரோகிராமுக்குப் புதுப் பேரா? அதெல்லாம் அவிய கப்பலேறுன பெறவு யோசிக்கலாம். இப்ப... என்ன அது, டக்கு டக்குன்னு? ... எழுத ஆரம்பிச்சிட்டியா? நான் பேசிட்டு இருக்கேன்லே... டேவிட்சா? ... ஹலோ? ... ஹலோ?

வச்சிட்டான்.