சுரங்க வாசலில் ஓர் ஆணி

அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிடுங்கள். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். காற்று வந்தால் கோர்வையாகப் பேச வரும், அவ்வளவுதான்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சாலை, அணை, மின்கோபுரம் என்று எதைக் கட்டினாலும், அங்கே வாழும் விலங்குகளுக்குக் கேடு வராமல் எப்படிக் கட்டுவது என்று கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்பவன் நான். நான் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் நகரும். அந்தக் கையெழுத்தை இதுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

இந்த முறை புதுச் சாலை போகும் மலைக்கு அடியில் ஒரு பழைய தண்ணீர்ச் சுரங்கம் இருந்தது. மேலே லாரிகள் ஓடினால் இடிந்துவிடும் என்று அதைக் கான்கிரீட்டால் நிரப்பச் சொன்னார்கள். உள்ளே வௌவால்கள் குடியிருந்தன. அவற்றை வெளியேற்ற வாசலில் ஒருவழித் திரை கட்டுவோம். இரை தேடப் போகும் வௌவால் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போகலாம், திரும்ப உள்ளே வர முடியாது. நல்ல முறை, யாருக்கும் காயமில்லை. ஒரே நிபந்தனை, உள்ளே பறக்கத் தெரியாத குட்டிகள் இருக்கக் கூடாது. தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டி உள்ளே பட்டினி கிடந்து சாகும். அதனால் திரை கட்டும் முன் ஓர் ஆள் சுரங்கத்தின் கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த ஆள் எப்போதும் என் மச்சான்தான், என் மனைவியின் தம்பி. என்னால் அடைபட்ட இடத்துக்குள் போக முடியாது. லிஃப்டில்கூட ஏற மாட்டேன். நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் இருக்கும். அவனுக்கு மட்டும்தான் அது தெரியும். "மாமா வாசல்ல நின்னு மோப்பம் பிடிச்சே சொல்லிடுவாரு" என்று கிண்டல் செய்வான். ஆனால் வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை. அவன் போய்ப் பார்ப்பான், நான் பார்த்ததாக எழுதுவேன்.

இந்த முறை அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அவன் வரட்டும் என்று நான் எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார்களே. வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன், திரை கட்டினார்கள்.

நிரப்பும் நாளன்று காலையில் மச்சான் வந்து சேர்ந்தான். "கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போனவன், கைக்குட்டையில் எதையோ பொத்தி எடுத்து வந்தான். கட்டைவிரல் அளவு. மயிர்கூட முளைக்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"மாமா, உள்ள கூரை பூரா இருக்கு. பாதிக்கு மேல இன்னும் உயிரோட இருக்கு. நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தினா, உள்ள போய்ப் பாத்தது யாருன்னு கேப்பாங்கடா."

"நான்தான், சரியாப் பாக்கலன்னு சொல்லிக்கிறேன். என் தலையில போடுங்க. அக்காவுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

நல்ல பையன். அதில்தான் சிக்கல். அவன் விடுப்பில் இருந்தது அலுவலகம் முழுக்கத் தெரியும். அப்படியானால் பார்த்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். பிறகு பழைய கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவன் என்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். திறந்த வெளியில் நின்றுகொண்டே எனக்கு மூச்சு முட்டியது.

ஆதாரத்துக்குப் படம் எடுத்து வருகிறேன் என்று குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனான். சுரங்கத்துக்குள் போனில் சிக்னல் கிடைக்காது.

சுரங்க வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை வாசலில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். ஆணியில் டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அவனுடையது காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவனுடைய சாப்பாட்டுப் பையையும் எடுத்துக் காரில் வைத்தேன், வெயிலில் கெட்டுப்போகும் என்று.

வாசலை இரும்புத் தகட்டால் அடைக்கும் ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி ஆணியைப் பார்த்தார்.

"காலியா இருக்கு. மூடிடலாமா சார்?"

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலையை மட்டும் ஆட்டினேன். தகடு பொருந்தியதும் கான்கிரீட் பம்ப் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்திலும் உள்ளிருந்து தட்டுவது எனக்குக் கேட்டது. மேஸ்திரிக்குக் கேட்டிருக்காது, அவர் பம்புக்குப் பக்கத்தில் நின்றார். "மாமா" என்றுதான் கூப்பிட்டான். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

குட்டிக்குப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்துப் பார்த்தேன். பிழைக்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் என் மனைவி, தம்பி எங்கே என்று கேட்டாள். என்னோடு சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். நான் கூடவே உட்கார்ந்து எண்களைத் தேடிக் கொடுத்தேன். பிறகு என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் கையில் டோக்கன் கிடைத்தது. அதை ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்பீர்கள். மறந்துவிட்டேன். அவள் அதை மேசையில் வைத்து என் முகத்தையே பார்த்தாள். வெளியே போய் என்னை உள்ளே வைத்து அறையைத் தாழிட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டாள்.

நீங்கள் வரும்வரை அந்த அறையில் நான் பட்ட பாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவைப் பிறாண்டி என் நகமெல்லாம் பிய்ந்துவிட்டது, பாருங்கள். ஒரு மனிதனை அப்படி அடைத்து வைக்கலாமா? அவளிடம் இவ்வளவு கல்நெஞ்சை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆமாம், அவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்துதான் மூட விட்டேன். கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். இருட்டும் அடைப்பும் அவனுக்குப் பழக்கம். அந்தப் பயம் எனக்குத்தான் உண்டு, அவனுக்குக் கிடையாது.

போகும்போது கதவைச் சாத்திவிடாதீர்கள்.