டின்னுக்கு அரைக் காத்தி

எனக்குப் புளித்த தயிர்தான் பிடிக்கும், ஐயா. புதுத் தயிரில் ஒரு பச்சை வாடை இருக்கும். அது எனக்கு ஆகாது.

மலாயாவில் கோலா கிளாவாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்த காலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று வீட்டில் உலை வைக்கவே தடை. எல்லாருக்கும் பொதுச் சமையல். அதற்குத் தயிர் உறை ஊற்றிக் கொடுத்தது நானும் பக்கத்து வீட்டு மயிலம்மாளும். காய்ச்சிய பாலை டின்னால் அளந்து தருவார்கள். மறுநாள் மாலை அதே டின்னால் தயிரை அளந்து வாங்குவார்கள். தளும்பப் பிடிப்பதும் தலை தட்டுவதும் அளக்கிறவர் மனசு.

பிறகு தோட்டத்துத் துரைக்குச் சந்தேகம் வந்தது. இனி எல்லாம் எடையில்தான் என்றார். கணக்கெழுதும் கிராணி துரைசிங்கம் என் தயிரில் ஒரு டின் எடுத்து நிறுத்துப் பார்த்தார். அரைக் காத்தி, இப்போதைய கணக்கில் முந்நூறு கிராம். எத்தனை டின் பால் வாங்கினோமோ அத்தனை அரைக் காத்தித் தயிர் கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

மயிலம்மாள் நல்லவள்தான். ஆனால் நான் குழாயடிக்குப் போனால் பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் முழுகாமல் இருந்ததே கடைசி வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு நடுவில் வெறும் பலகைச் சுவர். எனக்குக் கேட்காமல் பேச எவ்வளவு சிரமப்பட்டிருப்பாள், நினைத்துப் பாருங்கள்.

முதல் நாளே அவள் தயிர் எடையில் குறைந்தது. கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டி, ஆனாலும் குறைவு. மீதி எங்கே, காட்டுக்கா என்று கிராணி கேட்டார்.

"புதுச் சட்டிங்க, தண்ணியக் குடிச்சிருச்சு. அக்காவையே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் சட்டி குடிக்கலையே" என்றேன். என்னுடையது பழைய சட்டி, குடிக்காது. அதோடு விட்டிருக்கலாம். "அவ வீட்டுக்காரரு வேலி ஓரமாத்தான் புல்லறுக்கப் போறாரு. வேற எனக்கென்னா தெரியும், கிராணி ஐயா." அதுவும் உண்மைதான். புல் அங்கேதான் முளைத்திருந்தது.

அவள் கணவன் மாயாண்டி அங்கேதான் நின்றான். சட்டியைக் கொண்டுவந்து காட்டினால் தீர்ந்தது என்று வீட்டுக்கு ஓடினான். திரும்புவதற்குள் ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது. வேலி ஓரமாகக் குறுக்கே வந்தான். உருண்டையாக எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவருகிறவனைக் காவலுக்கு நின்றவன் ஒருமுறைதான் அதட்டினான், பிறகு சுட்டுவிட்டான். சட்டியும் தூள். யாராலும் எதையும் சோதித்துப் பார்க்க முடியவில்லை.

மயிலம்மாளைப் போலீஸ் லாரியில் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. அவள் பார்த்தேயிராத ஊர். பிள்ளை எங்கே பிறந்தது என்று விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், விவரம் கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்பது புரிகிறது. புதுச் சட்டி குடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் சட்டி புதிது என்பதும் தெரியும். அந்த வாரம் பாசார்ச் சந்தையில் தட்டிப் பார்த்து அவளுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாயாண்டி ஓடியிருக்க மாட்டான். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. இல்லாததைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் லயத்து வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.