புகைக்குப் பதில் ஒரு ரசீது

— சும்மா முறைக்காத மச்சான். வண்டிக்குப் புகை டெஸ்ட் எடுக்க வரல. உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போக வந்தேன்.

— அக்கா புருஷனாச்சேன்னு பாக்குறேன். ரெண்டு வருஷமா பேசாத வாய் இன்னைக்கு எப்படி மாமா திறந்துச்சு?

— புகை டெஸ்டையே தூக்கிட்டாங்கல்ல. இனி வண்டிப் பதிவோட ஒரு கட்டணம், அவ்வளவுதான் சோலி. இந்தா பாரு, கட்டின ரசீது. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறேன்.

— மாட்டுங்க. ஆணி வேணும்னா நான் தர்றேன்.

— நக்கலு. இந்த மிஷினை இனி என்ன பண்ணுவ?

— ஈரத் துண்டு காயுது அதுமேல, தெரியலையா? சிரிச்சுக்கோங்க. நாளையிலருந்து எனக்குப் பொழப்பு இல்ல.

— நல்லா வேணும். ஊர்ல ஓடுற ஓட்டை லாரியெல்லாம் பாஸு, என் வேன் மட்டும் மூணு தடவை ஃபெயிலு. உன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் லேட்டா வந்தேன்னு வஞ்சம் வச்சு செஞ்ச.

— கொஞ்சமா? பாத்திரம் கழுவுறப்ப வந்தீங்க. ஆனா ஃபெயில் பண்ணினது அதுக்கில்ல. சீட்டுல எழுதிக் குடுத்தேனே, படிக்கல?

— உன் கிறுக்கலை எவன் படிப்பான்? ஆயில் துடைச்சேன்.

— மூணையுமா?

— மூணையும்தான். நல்ல தடிப் பேப்பர்.

— அட கிரகமே. சைலன்சர் குழாய் பின்சீட்டுக்கு அடியில ஓட்டை மாமா. புகை வெளிய போகாம உள்ள வருது. மூணு தடவையும் அடிக்கோடு போட்டு எழுதினேன்.

— வாயில சொல்றதுக்கென்ன?

— டெஸ்டுக்கு வண்டியை விட்டுட்டு, என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போயிடுவீங்க. அக்காவும் போனை எடுக்கல. உங்களுக்குத் தலை கிலை சுத்துதா?

— எனக்கென்ன, ஜன்னல்ல கையை வச்சுட்டு ஓட்டுறேன். உங்கக்காதான் பின்சீட்டுல ஏறினதும் சாஞ்சுடுவா. தட்டி எழுப்பினாலும் முழிக்கிறதில்ல. சரியான தூங்குமூஞ்சின்னு கிண்டல் பண்ணுவேன்.

— அது தூக்கம் இல்ல மாமா. புகை. இனி அந்த வண்டியில அவளை ஏத்தாதீங்க. இப்ப வீட்டுலதான இருக்கா?

— இல்லடா... வாசல்ல, வேன்ல இருக்கா. வெயிலா இருக்கேன்னு கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, ஏசிய போட்டு, என்ஜினை ஓட விட்டுட்டு வந்தேன்.